உள்ளூர் வானம் இல்லாத விமானம்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் என் 27 ஆண்டுகள்

அம்மா விமானத்தில் கேட்டது ஒரு டம்ளர் வெந்நீர். 2011-இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் இரவு விமானம். அம்மாவுக்கு அப்போது 68 வயது, வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். அவர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டது பக்கத்தில் போய்க்கொண்டிருந்த சிப்பந்தியின் காதில் விழுந்துவிட்டது. அந்தப் பெண் நடைவழியிலேயே முழங்காலை மடித்து உட்கார்ந்து, அம்மாவின் முகத்துக்கு நேராகப் பார்த்து, "வெந்நீரா அம்மா? கொஞ்சம் ஆற வச்சுக் கொண்டு வரட்டுமா?" என்று தமிழில் கேட்டார். தண்ணீர் வந்ததும் அம்மா வழக்கம்போல விசாரணையில் இறங்கிவிட்டார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், ராத்திரியில் தூங்கவே மாட்டீங்களா? அந்தப் பெண் மலேசியாவின் கிள்ளானைச் சேர்ந்தவர். மற்ற கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

நான் 1998-இல் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். இத்தனை ஆண்டுகளில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஐம்பது அறுபது தடவையாவது பறந்திருப்பேன். பெரும்பாலும் சென்னைக்கு, சில முறை லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்கு, ஒருமுறை ஒசாகாவுக்கு. "நாலு மணி நேரப் பயணத்துக்கு எதுக்கு இவ்வளவு காசு குடுத்து அதுல வர்றே?" என்று பெரியப்பா மகன் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பான். அவனுக்கு வாய்ப்பேச்சில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

இந்த நிறுவனத்தின் குணம் புரிய அதன் பிறப்புக் கதை தெரிய வேண்டும். 1947 மே 1-ஆம் தேதி சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்திலிருந்து ஏர்ஸ்பீட் கான்சல் என்ற சின்ன இரட்டை எஞ்சின் விமானம் கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று கிளம்பியது. மலாயன் ஏர்வேஸ் என்பது அன்றைய பெயர். 1963-இல் மலேசியா உருவானதும் மலேசியன் ஏர்வேஸ் ஆனது. சிங்கப்பூர் தனிநாடான பிறகு 1966-இல் இரு அரசுகளும் சேர்ந்து நடத்தும் மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆனது. கூட்டுக் குடும்பம் நீடிக்கவில்லை. மலேசியாவுக்கு சபா, சரவாக் வரை தன் ஊர்களை இணைக்கும் சேவை முக்கியம். சிங்கப்பூருக்கு இணைக்க வேறு ஊரே கிடையாது. 1972 அக்டோபர் 1-இல் பாகப்பிரிவினை நடந்தது. உள்நாட்டுத் தடங்களும் சிறு விமானங்களும் அவர்கள் பங்குக்கு, போயிங் 707, 737 ஜெட்களும் வெளிநாட்டுத் தடங்களும் இவர்கள் பங்குக்கு. 10 விமானங்களோடு 18 நாடுகளில் 22 நகரங்களுக்குப் பறந்தபடி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடங்கியது.

என் பதிலின் வேர் அங்கேதான் இருக்கிறது. பெரிய நாடுகளின் தேசிய விமான நிறுவனங்களுக்கு உள்நாட்டுப் பயணிகள் கைவசம் இருப்பார்கள். வெளிநாட்டில் தோற்றாலும் உள்ளூரில் காலம் தள்ளலாம். இங்கே ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நிமிடங்களில் நாட்டின் எல்லை முடிந்துவிடுகிறது. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பயணியையும் வேறொரு நிறுவனத்தோடு போட்டி போட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. நாட்டின் கொடியைக் காட்டுவதற்காக நட்டத்தில் ஓட்ட அரசும் தயாராக இல்லை. அந்தச் சூழலில் 1972 முதல் 1996 வரை தலைவராக இருந்து நடத்தியவர் ஜே. ஒய். பிள்ளை. ஜோசப் யுவராஜ் பிள்ளை என்பது முழுப்பெயர். அம்மாவுக்கு வெந்நீர் தந்த பெண்ணைப் போல இவரும் கிள்ளான்காரர்தான், அங்கே பிறந்து சிங்கப்பூர் அரசுப் பணியில் உயர்ந்தவர். 2017 செப்டம்பரில் சில நாட்கள் தற்காலிக அதிபராகவும் இருந்தார். இவரைப் பற்றி நம் தமிழர்கள் நிறையப் பேருக்குத் தெரியாததில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. சிங்கப்பூர் வரும் உறவினர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எகானமி வகுப்பில் இலவச ஹெட்போன், சாப்பாட்டில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி, இலவச பானம் எல்லாவற்றையும் 1970-களிலேயே கொடுத்தவர்கள் இவர்கள். மலிவான டிக்கெட்டில் வருபவரையும் விருந்தாளியாக நடத்துவது அன்றைக்குப் புதுமை. சிப்பந்திகளின் சீருடையான சாரோங் கெபாயா அதற்கும் பழையது. 1968-இல் பாரிஸ் வடிவமைப்பாளர் பியர் பால்மேன் உருவாக்கியது. நிறத்தை வைத்துப் பதவியைச் சொல்லிவிடலாம்: நீலம் தொடக்கநிலை, அடுத்தது பச்சை, அதற்கு மேல் சிவப்பு, எல்லோருக்கும் மேல் ஊதா. பயிற்சி மூன்று மாதத்துக்கும் மேல் நடக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு இறங்கிப் பேசுவது, பெயர் சொல்லி அழைப்பது எல்லாம் அங்கே கற்பிக்கப்படுபவைதான். கற்பித்து வருவது என்பதால் எனக்கு அதன் மதிப்பு குறைவதில்லை. இரவு 2 மணிக்கு 200 பேருக்குப் பரிமாறிவிட்டு வந்து 201-ஆவது ஆளிடமும் அப்படியே பேச முடிகிறதே, அது பயிற்சி இல்லாமல் நடக்காது.

விமானங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், எனக்குப் பிடித்த பகுதி இது. ஏர்பஸ்ஸின் இரண்டு தள ஏ380 விமானத்தை உலகிலேயே முதலில் பயணிகளோடு ஓட்டியவர்கள் இவர்கள். 2007 அக்டோபர் 25, சிங்கப்பூரிலிருந்து சிட்னி. நான் 2009-இல் லண்டன் போனபோது அதன் மேல்தளத்தின் பின்பகுதியில் எகானமி இருக்கை கிடைத்தது. கீழ்த்தளத்தில் வரிசைக்குப் பத்து இருக்கை, மேலே எட்டுதான். ஜன்னலோரம் சுவருக்கும் இருக்கைக்கும் இடையே ஒரு பெட்டி இருக்கும், பையை அதில் போட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு தூங்கலாம். 13 மணி நேரம் போனதே தெரியவில்லை. எழும்பும்போது சத்தமே கேட்காதது அதைவிட ஆச்சரியம். இப்போது அந்த அமைப்பு இல்லை, மேல்தளம் முழுவதும் சூட் அறைகளும் பிசினஸ் வகுப்பும்தான்.

அந்த முதல் ஏ380-ஐ வெறும் பத்து ஆண்டுகளில், 2017-இல், குத்தகைக்கு விட்டவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உலகமே வேடிக்கை பார்த்த விமானம்! தொடக்க காலத்தில் வந்தவற்றில் இரண்டு பிரான்ஸின் தார்ப் நகரில் உதிரி உதிரியாகக் கழற்றப்பட்டன. படித்தபோது மனசு கனத்தது. ஆனால் பயணியாக எனக்கு நன்மை தருவதும் இதே கொள்கைதான். விமானம் கிழடாகும் முன்பே விற்றுவிட்டுப் புதியதை வாங்குவார்கள். எரிபொருளும் பழுதுபார்ப்பும் மிச்சம், விற்றாலும் நல்ல விலை. 2018-இல் போயிங் 787-10 ரகத்தை உலகில் முதலில் ஓட்டியதும் இவர்கள்தான், ஒசாகாவுக்கு நான் போனது அதில்தான். 787, ஏ350 இரண்டின் உடலும் பெருமளவு கார்பன் இழைக் கலவையால் ஆனது. அதனால் உள்ளே காற்றழுத்தத்தைக் கூடுதலாக வைக்க முடிகிறது, ஈரப்பதமும் பழைய ரகங்களில் போல அவ்வளவு குறைந்துபோவதில்லை. கீழிறங்கும்போது அம்மாவுக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஏ350-இல் வரும்போது அந்தத் தொல்லை கண்ணுக்குத் தெரிய குறைகிறது. டிக்கெட் போடும்போது விமான ரகம் என்னவென்று பார்ப்பது எனக்கு அதனால்தான் வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று, பெரும்பாலோர் கவனிக்காதது. போயிங் 777-300இஆர் எகானமியில் பல நிறுவனங்கள் வரிசைக்குப் பத்து இருக்கைகளை நெருக்கிவிட்டன. இவர்கள் 3-3-3 என்று ஒன்பதில் நிற்கிறார்கள். வரிசைக்கு ஓர் இருக்கையின் வருமானத்தை விட்டுக்கொடுத்துப் பயணியின் தோளுக்கு இடம் தருகிறார்கள். லண்டன் வரை போனால் அதன் அருமை தெரியும்.

நீண்ட தூரம் என்றால் நியூயார்க் சேவையைச் சொல்லாமல் முடியாது. 2004-இல் ஏ340-500 கொண்டு நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்குக்கு நிற்காமல் பறந்தார்கள். நாலு எஞ்சின் குடிக்கும் எரிபொருள் கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தி, 2018 அக்டோபரில் மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏ350-900யூஎல்ஆர் வந்ததும் மீண்டும் தொடங்கினார்கள். 15,300 கிலோமீட்டருக்கு மேல், 18 மணி நேரத்துக்கும் மேல். மொத்தம் 161 இருக்கைதான், எகானமியே கிடையாது. நான் இன்னும் போனதில்லை, போக ஆசை.

சாப்பாடு: முன்பதிவு செய்துவிடுங்கள். புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் இந்திய சைவ உணவு கிடைக்கும், மற்றவர்களுக்கு முன்பே பரிமாறியும் விடுவார்கள். திரையில் தமிழ்ப் படங்கள் உண்டு. 2023 ஜூலை முதல், பறக்கும் தூரத்துக்கு மைல்கள் சேர்த்துத் தரும் இவர்களின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தின் உறுப்பினர்கள் எகானமியிலும் வைஃபையை இலவசமாகப் பயன்படுத்தலாம். உறுப்பினராகக் காசு வேண்டாம், எனவே டிக்கெட் போடும் முன் சேர்ந்துவிடுவது நல்லது. சேரும் மைல்கள் மூன்று ஆண்டில் காலாவதியாகும் என்பதை மறக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிற குடும்பங்களுக்கு அவை சேர்ந்து ஒரு இலவச டிக்கெட் ஆகும் முன்பே பழையவை கழிந்துவிட வாய்ப்பு அதிகம். மலிவான கட்டண வகைகளில் பெட்டி எடை 25 கிலோ.

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நமக்கு அருகில் இருப்பது திருச்சி விமான நிலையம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அங்கே போவதில்லை, அதன் துணை நிறுவனமான ஸ்கூட்தான் போகிறது. தனியாகப் போனால் நானும் திருச்சிதான், கட்டணமும் குறைவு, இறங்கி இரண்டு மணி நேரத்தில் வீடு. அம்மாவோடு வந்தால் சென்னை வந்து உழவன் எக்ஸ்பிரஸைப் பிடிப்பேன். சுற்றுதான், இருந்தாலும் ஒருமுறை வேறொரு நிறுவனத்தில் பதிவு செய்த சக்கர நாற்காலி வராமல், அம்மா விமான வாசலில் ஒரு மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் விஷயத்தில் நான் கணக்குப் பார்ப்பதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இதுவரை ஒவ்வொரு முறையும் நாற்காலியும் ஆளும் வாசலிலேயே காத்திருந்தார்கள்.

துயரமான நாட்களையும் சொல்லத்தான் வேண்டும். 2000 அக்டோபர் 31 இரவு, தைப்பேயில் புயல் மழைக்கு நடுவே இவர்களின் எஸ்கியூ 006 விமானம், வேலை நடந்துகொண்டிருந்த, மூடப்பட்ட ஓடுபாதையில் ஏறிக் கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 179 பேரில் 83 பேர் இறந்தார்கள். நான் சிங்கப்பூர் வந்து இரண்டே ஆண்டுகள். அலுவலகத்தில் மறுநாள் யாரும் உரக்கப் பேசவில்லை. 2024 மே 21-இல் லண்டனிலிருந்து வந்த எஸ்கியூ 321 மியன்மார் வானில் கடும் காற்றுக் குலுக்கலில் சிக்கி பேங்காக்கில் இறங்கியது. பயணி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அதன்பின் இருக்கை வார் விளக்கு எரிந்தால் சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்திவிடுகிறார்கள், சிப்பந்திகளும் உட்கார்ந்து வாரைப் போட்டுக்கொள்கிறார்கள். சாப்பாடு தாமதமாகிறது என்று முணுமுணுப்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து முணுமுணுக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் வாரைப் போட்டே வையுங்கள், விளக்கு அணைந்திருந்தாலும்.

கொரோனா வந்தபோது உள்ளூர்ச் சேவை இல்லாததன் விலை என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. எல்லைகள் மூடியதும் பறக்க ஒரு வழியும் இல்லை. 2020 மார்ச்சில் 147 விமானங்களில் 138 தரையிறங்கின. சில ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனம் வரை போய் நின்றன. பங்குதாரர்களிடம் பல நூறு கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திரட்டியும் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைக்க வேண்டி வந்தது. சிப்பந்திகள் சிலர் மருத்துவமனை வார்டுகளில் உதவியாளர்களாக வேலை பார்த்தார்கள். அக்டோபரில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நின்ற ஏ380-ஐ உணவகமாக்கினார்கள். முதலில் விட்ட இடங்கள் அரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. கேலி செய்தவர்கள் உண்டு. ஊருக்குப் போக முடியாமல், அப்பாவின் திதியைக் கைபேசித் திரையில் பார்த்துக் கும்பிட்ட எனக்கு, நகராத விமானத்தில் போய் உட்காரக் காசு கொடுத்தவர்களின் ஏக்கம் நன்றாகவே புரிந்தது.

கடைசியாகக் கட்டணம். பண்டிகைக் காலத்தில் சென்னைத் தடத்தில் மலிவு நிறுவனங்களைவிடக் கணிசமாகக் கூடுதல்தான், மறுக்கவில்லை. இளைஞர்கள் தனியாகப் போவதென்றால் மலிவு விமானமே போதும் என்று நானே சொல்வேன். வயதானவர், கைக்குழந்தை, அடுத்த விமானம் பிடிக்க வேண்டிய நீண்ட பயணம், இந்த மூன்றில் எது இருந்தாலும் என் பணம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குத்தான்.

போன வாரம் அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போட்டேன். அம்மாவுக்கு இப்போது 82 வயது. ஏ350 வருகிற நாளாகப் பார்த்து, நடைவழி இருக்கை, சக்கர நாற்காலி, இந்திய சைவ உணவு மூன்றையும் பதிவு செய்துவிட்டேன். வெந்நீருக்குத் தனியாக ஒரு கட்டம் இல்லை. அதை அம்மாவே கேட்டுக்கொள்வார்.