காத்திருக்கும் சர்வரும் குறுக்கே வரும் சிக்னலும்: மூன்று வழிகள், ஓர் அலசல்

ஓஎம்ஆர் பக்கத்துச் சின்னக் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதவரத்துக்கும் சிறுசேரிக்கும் இடையே ஓடும் வேன்களின் ஜிபிஎஸ் கருவிகள் தகவல் அனுப்புகின்றன. சி மொழியில் எழுதிய சர்வர் ஒன்று அதை வாங்கி டேட்டாபேஸில் போடுகிறது. பகலில் நிறுத்தச் சொன்னால் உடனே நிற்கும். வேன்களெல்லாம் ஷெட்டுக்குப் போன பிறகு, ராத்திரி 2 மணிக்குப் புது வெர்ஷன் ஏற்ற ‘ஸ்டாப்’ கொடுத்தால் மட்டும் எப்போதாவது தொங்கிவிடும். லினக்ஸில் சர்வர்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி தன் வழக்கப்படி 90 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, சிக்கில் என்ற தடுக்க முடியாத சிக்னலை (சிக்னல் என்பது ஓடும் புரோகிராமைக் குறுக்கிட்டு ஆபரேட்டிங் சிஸ்டம் தரும் தகவல்) அனுப்பிக் கதையை முடிக்கும். லாக்கில் ஒரு வரிகூட இருக்காது.

கோடைத் திறந்து பார்த்தால் தப்பாக ஒன்றும் தெரியாது. ‘நின்றுவிடு’ என்று சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்தால், அதற்கென எழுதிய ஹேண்ட்லர் ஃபங்ஷன் ‘நிறுத்து’ என்ற கொடியை (ஒரு வேரியபிள்தான்) 1 ஆக்குகிறது. லூப் ஒவ்வொரு சுற்றிலும் கொடியைப் பார்க்கிறது, 0 என்றால், தகவல் வரும்வரை தூங்கவைக்கும் செலக்ட் என்ற அழைப்பில் போய்க் காத்திருக்கிறது. காத்திருக்கும்போது சிக்னல் வந்தால் செலக்ட் ‘ஈஇன்டர்’ (குறுக்கீடு) என்ற பிழையோடு திரும்பிவிடும், அதில் பிரச்சினை இல்லை. கொடியைப் பார்த்த பிறகு, செலக்டுக்குள் நுழையும் முன் உள்ள இடுக்கில் வந்தால்தான் வம்பு. வாசலை எட்டிப் பார்த்து, தண்ணி லாரி வரவில்லை என்று கதவைச் சாத்திவிட்டுப் படுக்கப் போகிறீர்கள். நீங்கள் கட்டிலுக்குப் போவதற்குள் லாரிக்காரர் சத்தமில்லாமல் கேட்டில் சீட்டைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான். கொடி 1 ஆகிவிட்டது, பார்க்க வேண்டிய ஆள் தூங்குகிறார். பகலில் அடுத்த வேனின் பாக்கெட் எழுப்பிவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை.

ஹேண்ட்லரிலேயே எல்லா வேலையையும் முடித்துவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். ரிமோட் லாகினுக்கான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் 2024 ஜூலையில் வெளியான ஓட்டை அதனால் வந்ததுதான்: லாகின் நேரம் கடந்ததும் வரும் சிக்அலார்முக்கான ஹேண்ட்லர், அங்கே கூப்பிடவே கூடாத, லாக் எழுதும் சிஸ்லாகைக் கூப்பிட்டது. 2006-இல் அடைத்த ஓட்டை, 8.5 பி1 வெர்ஷனில் மறுபடி திறந்துகொண்டது.

செலக்டுக்கு ஒரு விநாடி டைம்அவுட் கொடுப்பது பலர் செய்யும் வைத்தியம். தொங்காது, ஆனால் வேலையில்லாத நேரத்திலும் விநாடிக்கு ஒருமுறை எழுந்து உட்காரும். அதை விட்டுவிடலாம். உண்மையான போட்டி மூன்று பேருக்குள்.

முதலாவது பிசெலக்ட், அதன் உறவுகளான பிபோல், ஈபோல்_பிவெயிட். சிக்டெர்மை முதலிலேயே பிளாக் செய்துவிட வேண்டும், அதாவது மாஸ்க் என்ற தடைப் பட்டியலில் சேர்த்து நிறுத்திவைக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் மாஸ்க்கைத் திறந்துவிடு என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் சொல்கிறோம். திறப்பதும் தூங்குவதும் ஒரே அடியில் நடப்பதால் அந்த இடுக்கே இல்லை. லினக்ஸில் பிசெலக்ட் கர்னல் 2.6.16-இல்தான் நிஜமாக வந்தது. அதற்கு முன் சி லைப்ரரியான ஜிலிப்சி வெறுமனே மாஸ்க்கை மாற்றிவிட்டுச் செலக்டைக் கூப்பிட்டது, அதாவது அதே இடுக்கு வேறு பெயரில். ஒரே த்ரெட் (புரோசஸுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) உள்ள சர்வருக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

இரண்டாவது, 1990 வாக்கில் புரோகிராமர் டி. ஜே. பெர்ன்ஸ்டீன் கண்டுபிடித்த செல்ஃப்-பைப் உத்தி. ஒரு முனையில் எழுதி மறுமுனையில் படிக்கும் பைப் ஒன்றை புரோகிராம் தனக்குத்தானே திறந்துகொள்ளும். ஹேண்ட்லர் அதில் ஒரு பைட் எழுதும், படிக்கும் முனையை சாக்கெட்டுகளோடு சேர்த்துச் செலக்டில் வைத்துவிடலாம். சிக்னல் எப்போது வந்தாலும் பைட் பைப்பில் கிடக்கும், செலக்ட் உடனே திரும்பும். கவனிக்க வேண்டியது சில உண்டு. எழுதும் முனை நான்-பிளாக்கிங்காக (எழுத முடியாவிட்டால் காத்திராமல் திரும்புவதாக) இருக்க வேண்டும். இல்லையென்றால், பைப் நிரம்பிய அன்று ஹேண்ட்லர் அங்கேயே நின்றுவிடும். படித்துக் காலி செய்ய வேண்டிய ஆளும் அதே ஆள்தானே! நிரம்பியதால் எழுத முடியாமல் போனால் கவலையில்லை, எழுப்பும் பைட் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஹேண்ட்லர், கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்ர்நோவை எடுத்து வைத்து, முடிந்ததும் திருப்பிப் போட வேண்டும்.

மூன்றாவது சிக்னல்எஃப்டி, லினக்ஸ் 2.6.22-இல் வந்தது. ஹேண்ட்லரே வேண்டாம். சிக்னலை பிளாக் செய்துவிட்டு, அதை, சாக்கெட் போலவே படிக்கக்கூடிய ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டராக வாங்கிக்கொள்ளலாம். படித்தால் யார் அனுப்பியது என்பது உட்பட 128 பைட் தகவல் வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிக்னல்கள் வரிசையில் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. மூன்று பிள்ளை புரோசஸ்கள் அடுத்தடுத்து இறந்தாலும் அதைச் சொல்லும் சிக்சைல்ட் சிக்னல் ஒன்றே ஒன்றுதான் வரலாம். இறந்த பிள்ளைகளின் கணக்கை முடிக்கும் வெயிட்பிட்டை லூப்பில்தான் கூப்பிட வேண்டும்.

இந்த மூன்றில் எது என்பதை வேகம் தீர்மானிப்பதில்லை, நிமிடத்துக்கு ஒரு சிக்னல்கூட வராத சர்வரில் வேகத்துக்கு என்ன வேலை? அதே புரோசஸில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

டேட்டாபேஸ் லைப்ரரி ஒன்று நமக்குத் தெரியாமல் ஒரு த்ரெட் தொடங்கியிருக்கிறது என்று வையுங்கள், நாம் மாஸ்க் போடுவதற்கு முன்பே. சிக்டெர்ம் அந்த த்ரெட்டுக்குப் போய்விடலாம். ஹேண்ட்லர் அங்கே ஓடும், கொடி ஏறும், பிசெலக்டில் இருக்கும் நம் த்ரெட் எழாது. சிக்னல்எஃப்டி என்றால் ஹேண்ட்லரே இல்லாததால், சிக்டெர்ம் மொத்த புரோசஸையும் அப்படியே முடித்துவிடும். செல்ஃப்-பைப்புக்கு மட்டும் எந்த த்ரெட்டில் ஓடினாலும் ஒன்றுதான், பைட் வந்து சேரும்.

ராத்திரி பேக்கப்புக்கு ஷெல் ஸ்கிரிப்டை ஓடவிடும் சர்வர் என்றால் இன்னொரு சிக்கல். பிளாக் செய்த மாஸ்க், புரோசஸைப் பிரதி எடுக்கும் ஃபோர்க்கையும் அதில் வேறு புரோகிராமை ஏற்றும் எக்ஸெக்கையும் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். அப்புறம் அந்த ஸ்கிரிப்டுக்கு சிக்டெர்ம் அனுப்பினால் அது அசையாது. சிக்னல்எஃப்டியை இதற்காகத் திட்டுபவர்கள் பிசெலக்டுக்கும் இதே கதி என்பதை மறந்துவிடுகிறார்கள். செல்ஃப்-பைப்பில் மாஸ்க் இல்லை, எக்ஸெக் ஆனதும் ஹேண்ட்லரும் போய்விடும். ஆனால் ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவே பிள்ளைக்குச் சிக்னல் வந்தால் அது அப்பாவின் பைப்பில் எழுதிவிடும், அப்பா தனக்குத்தான் வந்தது என்று நினைத்துக்கொள்வார்! அந்தச் சில வரிகளுக்கு மட்டும் சிக்னல்களை மூடிவைப்பது நல்லது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 2021-இல் வந்த 14-ஆம் வெர்ஷனில் லினக்ஸுக்கு செல்ஃப்-பைப்பிலிருந்து சிக்னல்எஃப்டிக்கு மாறியது. அங்கே ஒவ்வொரு புரோசஸும் ஒரே த்ரெட், எல்லாம் அவர்கள் கட்டுப்பாட்டில். மேக், ஃப்ரீபிஎஸ்டி பக்கம் சிக்னல்எஃப்டி கிடையாது, நிகழ்வுகளுக்காகக் காத்திருக்க உதவும் கேக்யூவில் சிக்னலுக்கான ஃபில்டர் இருக்கிறது. மேக்கில் எழுதி லினக்ஸில் ஏற்றும் டீம் என்றால் பைப்தான் நிம்மதி.

நம் வேன் சர்வருக்கு என் ஓட்டும் பைப்புக்குத்தான், டேட்டாபேஸ் லைப்ரரியை நம்ப முடியாததால். லைப்ரரி ஏதும் இல்லாத, ஒரே த்ரெட் உள்ள ரிலே (தகவலை வாங்கி அப்படியே கைமாற்றுவது) என்றால் பிபோல் போதும். எதைப் போட்டாலும் சோதித்துப் பாருங்கள்: கொடியைப் பார்க்கும் வரிக்கும் காத்திருக்கும் வரிக்கும் நடுவே 5 விநாடி ஸ்லீப் போட்டு, அந்த நேரத்தில் இன்னொரு டெர்மினலிலிருந்து, சிக்டெர்ம் அனுப்பும் கில் கமாண்டைக் கொடுங்கள். பழைய கோடு பாக்கெட் வரும்வரை அப்படியே கிடக்கும். சரியானது அதிகபட்சம் அந்த ஸ்லீப் முடிந்ததும் வெளியேறிவிடும்.