முதுகில் 8 மில்லிமீட்டர் துளை: மூன்றரை வருடம் கழித்து

முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கியதற்கு எண்டோஸ்கோப் முறையில், அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டு, ஆபரேஷன் செய்து மூன்றரை வருடம் ஆகிறது. இரண்டாம் வாரத்தில் யாராவது கேட்டிருந்தால் செய்யவே செய்யாதீர்கள் என்று சொல்லியிருப்பேன், ஆறாம் மாதம் கேட்டிருந்தால் ஓடிப்போய்ச் செய்யுங்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போதுதான் நிதானமாக எழுத முடிகிறது.

அம்பாசமுத்திரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் குனிந்து தூக்கி, இடுப்பை மட்டும் திருப்பி அடுக்குவது பதினெட்டு வயதிலிருந்து பழக்கம். ஒரு நாள் அப்படித் திரும்பும்போது இடுப்பில் வெடுக்கென்று பிடித்தது. இரண்டு நாளில் அது குறைந்துவிட்டது, ஆனால் மூன்றாம் நாள் வலி இடது பிட்டத்தில் இறங்கி, தொடையின் வெளிப்பக்கமாகக் கெண்டைக்கால் வழியே கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஓட ஆரம்பித்தது. தும்மினால் ஓடும், இருமினால் ஓடும், உட்கார்ந்தால் ரொம்ப மோசம். சரக்கு எடுக்க நெல்லைக்குப் போகும்போது செங்கோட்டை ரயிலில் சீட் காலியாகக் கிடக்கும், நான் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு நின்றே போவேன்.

முதல் இரண்டு மாதம் எண்ணெய் போட்டு உழிச்சலில் போனது. ஒருவர் முதுகில் ஏறி மிதிக்கவே செய்தார். நரம்பு அழுந்திக் கிடக்கும் இடத்தில் அப்படி மிதிக்க விட்டதை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது, தயவுசெய்து யாரும் விடாதீர்கள். அப்புறம் ஸ்கேன் எடுத்தேன். எல்4 - எல்5 டிஸ்க், அதாவது இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருப்பது, இடது பக்கம் பிதுங்கல். ஒரு மருத்துவமனையில் (பேர் வேண்டாம்) படத்தை லைட்டில் வைத்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், இந்த வாரமே முதுகைத் திறந்து ஆபரேஷன் என்றார்கள். வீட்டில் அம்மா, "ஏய்யா, முதுகுல கத்தி வச்சா கால் விழுந்துரும்னு சொல்லுதாவளே" என்று அழுதாள்.

அடுத்துப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி. படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலை மேலே தூக்கினார், பாதி உயரம் வருமுன் கத்திவிட்டேன். "அண்ணாச்சி, கட்டைவிரலை மேல தூக்குங்க, நான் அமுக்குவேன், விடாதீங்க" என்றார். விரல் நின்றது. அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தார். டிஸ்க் என்பது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை, வெளியே நார் வளையம், உள்ளே கூழ், வளையம் கிழிந்து கூழ் வெளியே வந்து நரம்பைத் தொடுகிறது, அவ்வளவுதான் என்றார். வந்த கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி அடங்கும், வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுங்கல் தெரியும் என்றார். பிறகு நானே தேடிப் படித்ததில் நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று கிடைத்தது, 2007-ல் வெளிவந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, ஆனால் ஒரு வருட முடிவில் அவர்களும் ஆபரேஷன் இல்லாமல் காத்திருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே நிலை. காத்திருந்தவர்களிலும் பத்தில் நான்கு பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எனக்கு முதலில் நரம்பு வேரில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்குவார்கள், அரை மணி நேர வேலை. மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். சர்க்கரை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். ஊசி கிழிந்த வளையத்தைத் தைக்காது, வீக்கத்தைத்தான் குறைக்கும். இது எனக்கு அப்போது புரியவில்லை. வலி போனதும் சிப்பத்தைத் தூக்க ஆரம்பித்துவிட்டேன்.

நான்காம் மாதம் வலி திரும்பியது. கூடவே இடது காலில் செருப்பு தங்கவில்லை, நடக்கும்போது நழுவி நழுவிப் போனது. வார் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புதுச் செருப்பு வாங்கினேன், அதுவும் நழுவியது. மூன்று வாரம் இப்படி ஓட்டினேன். விரலைத் தூக்க முடியாமல் போனால் அன்றைக்கே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார், அந்த விரலும் இந்தச் செருப்பும் ஒரே விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த அனுபவத்தில் நான் உண்மையாகவே வருந்துவது அந்த மூன்று வாரத்துக்குத்தான். பாதம் தொங்கினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்படாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆபரேஷன் மதுரையில். காரின் பின் சீட்டில் படுத்துக்கொண்டே போனேன். குப்புறப் படுக்க வைத்து, இடுப்புக்குப் பக்கவாட்டில் மரத்துப்போக ஊசி, 8 மில்லிமீட்டர் துளை, அதன் வழியே கேமராவும் சின்ன இடுக்கியும். முழு மயக்கம் கிடையாது. "கால்ல இழுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நரம்புக்கு நெருக்கமாகப் போனால் நாம்தான் சொல்லவேண்டும், முழிப்போடு வைப்பதே அதற்காகத்தான். ஒரு இழுப்பில் வலி உச்சிக்குப் போய், அடுத்த நொடி கால் லேசானது. எடுத்த துண்டைக் காட்டினார்கள், முத்தின நுங்கை நகத்தால் பெயர்த்த மாதிரி வெள்ளையாக இருந்தது. சாயங்காலம் நடந்தேன், மறுநாள் வீடு. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம் ஆனது. இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள், பல பாலிசிகளில் டிஸ்க் பிரச்சினைக்கு 24 மாதம் காத்திருப்பு உண்டு. எனக்கு அதனால்தான் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை.

அன்றே நடக்கலாம் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது உண்மைதான். ஆனால் பத்தாம் நாள் காலில் தீப்பட்ட மாதிரி எரிய ஆரம்பித்தது, வேட்டி உரசினால்கூடத் தாங்காது. போச்சு, எல்லாம் வீண் என்று மனைவியிடம் சொல்லி அழுதேன். துளை போகும் பாதையில் இருக்கும் நரம்பு முடிச்சு உரசலில் கோபப்பட்டால் இப்படி வரும், அடங்கும் என்றார் டாக்டர். மாத்திரை போட்டு மூன்று வாரத்தில் அடங்கியது. இதை முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ராத்திரிகள் அவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது. நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு வாரம் குனியவில்லை, பைக் தொடவில்லை, பத்தமடைப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டிலுக்கு மாறினேன், வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் போட்டோம். தினமும் காலையில் ஆற்றுப் பக்கம் நடை, பிசியோ சொல்லிக்கொடுத்த நான்கு பயிற்சி. பயிற்சியை இரண்டு வாரம் விட்டால் இடுப்பு இன்றைக்கும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போதைய நிலை: கால் வலி போனது போனதுதான், ஒரு நாளும் திரும்பவில்லை. விரலுக்கு முழு பலம் வர ஐந்து மாதம் ஆனது. பாதத்தின் மேல் ஒரு ரூபாய் காசு அளவுக்கு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது, அது இனி போகாது என்று நினைக்கிறேன். இடுப்பு வலி முழுதாகப் போகவில்லை. காலையில் எழுந்ததும் விறைப்பு, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கடுப்பு. இந்த ஆபரேஷன் நரம்பை விடுவிக்கிறது, அதனால் கால் வலிக்குக் கேட்கும். தேய்ந்த டிஸ்க் தேய்ந்ததாகவேதான் இருக்கும். கால் வலி இல்லாமல் இடுப்பு வலி மட்டும் உள்ளவர்கள் இதில் பணத்தைப் போடுவதற்கு முன் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வருடம் கழித்து இடுப்பு ஒருமுறை பிடித்துக்கொண்டதும், அதே இடத்தில் மறுபடி பிதுங்க வாய்ப்பு உண்டு என்று பயந்து ஸ்கேன் எடுத்தேன், அப்படி இல்லை, சதைப் பிடிப்புதான். கடையில் இப்போது சிப்பம் தரையில் இறங்குவதில்லை, இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து அதன்மேல்தான் இறக்குகிறார்கள்.

என் மனைவியின் தம்பிக்கு இப்போது அதே வலி, வி.கே.புரத்தில் இருக்கிறான், மூன்றாவது வாரம். உடனே ஆபரேஷன் செய்துவிடட்டுமா அத்தான் என்று கேட்டான். பொறு என்றேன். தினமும் ராத்திரி வீடியோ காலில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன், அவன் அம்மா கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். நேற்றும் விரல் இறங்காமல் நின்றது.