பிராய்லர் குஞ்சும் நாட்டுக் குஞ்சும்: பசி எங்கே வேறுபடுகிறது?

நெல்லிக்குப்பம் பக்கம் அடுத்தடுத்த அடைப்பில் இரண்டையும் வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். பிராய்லர் குஞ்சு தீனித் தட்டை ஒட்டியே படுத்துக்கொண்டு கொத்தும். கழுத்தடியில் தீனிப்பை புடைத்தே இருக்கும். நாட்டுக் குஞ்சு நாலு கொத்து கொத்திவிட்டு மண்ணைக் கிளறப் போய்விடும்.

காரணம் பெரும்பாலும் மூளையில்தான். இரண்டிலும் நியூரோபெப்டைட் ஒய் என்ற மூளை வேதிப்பொருள் பசியைத் தூண்டும். குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ‘போதும்’ என்று தடுக்கும். வேகமாக வளரத் தேர்ந்தெடுத்த இனங்களில் இந்தத் தடுப்பு சரியாக எடுபடுவதில்லை. அதனால்தான் பிராய்லர் தாய்க்கோழிகளுக்குத் தீனியை அளந்து போடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை, கிரெலின். மனிதனுக்குப் பசியைக் கிளப்பும் இதே ஹார்மோனைக் குஞ்சின் மூளையில் செலுத்தினால் தீனி குறைகிறது. மனிதர்களைப் பற்றிப் படித்ததைக் கோழிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

எடை என்றால் பிராய்லர்தான்: ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ தாண்டும். நாட்டுக்கோழி அதில் பாதியைத் தொடவே மாதக்கணக்காகும். ஆனால் கடலூர் மே மாத வெயிலில் கணக்கு மாறும். தின்பதே உடம்புச் சூட்டைக் கூட்டும்; வெப்பத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்து தீனியும் குறையும். அதில் முதலில் அடிபடுவது பிராய்லர்தான். கோடையில் புதுக் குஞ்சுகளை விட்டு வளர்ப்பதாக இருந்தால் என் ஓட்டு நாட்டுக்கோழிக்கு. பிராய்லர்தான் வேண்டும் என்றால் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் தீனி வையுங்கள், நடுப்பகலில் தட்டைத் தூக்கிவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.