மூங்கில் ஊசியும் பருத்தி நூலும்: மூன்று மாதம் பின்னிப் பார்த்த பிறகு

எட்டாம் வகுப்பில் கைவேலை டீச்சர் சொல்லிக்கொடுத்ததோடு விட்டுப்போன நிட்டிங்கை 25 வருஷம் கழித்து மறுபடி ஆரம்பிக்க, 4 மி.மீ. மூங்கில் ஊசி ஒரு ஜோடியும் பருத்தி நூல் நாலு கண்டும் வாங்கினேன். ஊசி அருமை. அலுமினிய ஊசியில் கண்ணி (ஊசிமேல் நிற்கும் நூல் வளையம்) வழுக்கிக்கொண்டு ஓடும், மூங்கில் லேசாகப் பிடித்துக்கொள்கிறது, அதனால் கை பழகாதவர்களுக்கு இதுதான் நல்லது. முனை கொஞ்சம் சொரசொரவென்று இருந்தது, நைஸ் உப்புத்தாள் வைத்து நாலு தடவை தேய்த்ததும் சரியாகிவிட்டது.

நூல்தான் பாடுபடுத்தியது. கம்பளி மாதிரி இழுத்தால் கொடுக்காது, ஊசி முனையில் இழை இழையாகப் பிரிகிறது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. ஆனால் சென்னை வெயிலுக்குக் கம்பளியை யார் போடப்போகிறார்கள்?

முதல் துண்டில் 30 கண்ணி போட்டு ஆரம்பித்தேன், ஒரு சாண் வருவதற்குள் 36 ஆகிவிட்டது. பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) முடித்து நிட்டுக்கு (நூலைப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி) போகும்போது நூலைப் பின்னால் தள்ளாமல் விட்டால் ஊசிமேல் ஒரு சுற்று கூடுதலாக விழும், அடுத்த வரிசையில் அதுவே கண்ணியாகிவிடும். முழுக்கப் பிரித்தேன். அப்புறம் ஊசியிலிருந்து நழுவிய கண்ணிக்காகப் பிரிக்கவே வேண்டாம் என்று தெரிந்தது: முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, மேலே ஏணிப்படி மாதிரி நிற்கும் நூலை ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றினால் போதும். ஊசி வாங்கும்போதே ஒரு குரோஷா ஊசியும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.