ரசிகர் விழா: எழுதிய விதியா, வாய்ச்சொல்லா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் காமிக்ஸ், அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர் விழா நடத்த நினைக்கும் நம் பிள்ளைகள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது: நடத்தை விதிகளை எழுதி வைப்பதா, வாய்ச்சொல்லோடு விடுவதா? "எல்லாரும் தெரிஞ்சவங்கதானே, பார்த்துக்கலாம்" என்று விடுவது சுலபம். பேச்சுக்கும் தடையில்லை என்று தோன்றும். ஆனால் கதாபாத்திரம் போல வேடமிட்டு வந்த பெண்ணின் தோளில் கேட்காமல் ஒருவன் கைபோட்டுப் படமெடுத்தால், அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? அடுத்த வருஷம் வரமாட்டாள். அவள் குரலும் அதோடு போய்விடும். நியூயார்க் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவில் 2014-இல், வேடம் அணிவது சம்மதம் ஆகாது என்று பெரிய பலகையே வைத்தார்கள்.

எழுதிய விதிதான் என் தேர்வு. தொடுவது, பின்தொடர்வது, மிரட்டுவது கூடாது. "உங்கள் நாயகன் கதை குப்பை" என்று மேடையில் தாராளமாகச் சொல்லலாம். "மனம் புண்படப் பேசக் கூடாது" என்ற வரியை மட்டும் சேர்க்காதீர்கள். அதை வைத்து யாரை வேண்டுமானாலும் வெளியேற்றிவிடலாம். அப்புறம், விதியைத் தமிழிலும் மலையாளத்திலும் வாசலில் ஒட்டுங்கள்.