பழைய பொலிரோவும் செட்டிநாட்டு ரோடும்: வீட்டு வாசலில் செய்யக்கூடிய ரிப்பேர், செய்யக்கூடாத மாற்றம்

2523 சிசி டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) டர்போ டீசல் இன்ஜின் போட்ட பழைய பொலிரோ காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இன்னும் நிறையவே ஓடுகிறது. இன்ஜினைக் கட்டுப்படுத்த கம்ப்யூட்டர் கிடையாது, டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். பாடி தனி, சேஸ் தனி, பின்னால் பட்டை ஸ்பிரிங். ஒரு ரிங் ஸ்பானர் செட், பாக்ஸ் ஸ்பானர், மல்டிமீட்டர், நல்ல ஜாக்கி, இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு இருந்தால் முக்கால்வாசி வேலையை வாசலிலேயே முடிக்கலாம். செம்மண் தரையில் ஜாக்கி வைப்பதென்றால் அடியில் இரண்டு அங்குலக் கனப் பலகை கண்டிப்பாக வேண்டும். மழைக்காலத்தில் ஜாக்கி ஒரு பக்கமாக இறங்கும். ஸ்டாண்டு போடாமல் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

பழைய வண்டி வாங்கியதும் பெரிய டயர், முன்பக்க கிராஷ் கார்டு, லைட் பார் என்று செலவழிப்பவர்கள் அதிகம். ஆனால் இந்தப் பக்கம் வண்டியைத் தின்பது வெயிலும் செம்மண் தூசியும்தான். அந்த இரண்டுக்கும் பணத்தை முதலில் போட்டால் மற்ற செலவு பாதியாகக் குறையும்.

சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காரைக்குடியிலிருந்து திருச்சி கிளம்பி, திருமயம் வருவதற்குள் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டினால், பலரும் சொல்லும் வைத்தியம் 'தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடுங்க' என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாத இன்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசல் சரியாக எரியாது, ஆயில் சீக்கிரம் கெடும், மைலேஜ் குறையும். பைபாஸ் வழியையும் தெர்மோஸ்டாட்டே மூடும் அமைப்பாக இருந்தால், அது இல்லாதபோது சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ஹை லோடில் சூடு இன்னும் ஏறும்.

தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் அதை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். அதன் மேல் பொறித்திருக்கும் எண் 82 என்றால் 82 டிகிரியை ஒட்டி வால்வு மெல்ல வாய் திறக்க வேண்டும், மேலும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுசாகத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் கொதித்தும் பாதியில் நின்றால் புதிது போடுங்கள், பழைய கேஸ்கட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தும் சூடு ஏறினால், பெரும்பாலும் கோளாறு ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. வைக்கோல் துரும்பு, பூச்சி, செம்மண் எல்லாம் அங்கே போய் அப்பிக்கொள்ளும். முன்பக்கம் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். மேல் பிராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றி, ஹோஸ் இழுபடாத அளவுக்குக் கண்டென்சரைச் சற்று முன்னால் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரை விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் ஃபின் மடங்கி, காற்று போகும் வழியே அடைந்துவிடும். பேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அது இல்லையென்றால் பேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

அடுத்து தண்ணீர். நம்ம ஊர் போர் தண்ணீரின் உப்பு, ரேடியேட்டர் குழாயின் உள்சுவரில் வெள்ளைப் படலமாகப் படியும். சுத்தம் செய்ய ஆறிய இன்ஜினில் அடி காக்கைத் திறந்து, வடிவதை ஒரு வாளியில் பிடித்து லிட்டர் கணக்கில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, ஹீட்டர் இருந்தால் அதன் வால்வைத் திறந்து வைத்து, மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடிக்க வேண்டும். தண்ணீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். அளந்து வைத்த அளவில் பாதிக்குக் கூலண்டை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். 'ரெடி மிக்ஸ்' என்று விற்பதை அப்படியே ஊற்ற வேண்டும், மேலே தண்ணீர் சேர்க்கக்கூடாது. ஆசிட் போட்டுக் கழுவும் வேலை அலுமினிய ரேடியேட்டருக்கு ஆகாது.

மூடியையும் மறக்காதீர்கள். மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தில்தான் கொதிநிலை உயர்கிறது. ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வாஷர் வெடித்த மூடியோடு ஓடும் வண்டி, ரேடியேட்டர் நன்றாக இருந்தாலும் வழியில் நின்று ஆவி விடும். புதிது வாங்கும்போது மூடியில் பொறித்த எண் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

தூசி பக்கம் வருவோம். ஏர் ஃபில்டரை மாற்றினால் மட்டும் போதாது, அது உட்காரும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். ஃபில்டர் கூட்டின் கிளிப் ஒன்று தளர்ந்தாலே போதும், செம்மண் நேரே டர்போவுக்குப் போய் பிளேடை அரிக்கும். ஃபில்டரைத் தாண்டி டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, உள்ளே ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி விரலால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால் எங்கோ கசிகிறது. கிளாம்ப், ஹோஸ் விரிசல், ஃபில்டரின் ரப்பர் விளிம்பு, மூன்றையும் பார்க்க வேண்டும். லேசான ஆயில் ஈரம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். காகித ஃபில்டரைத் தரையில் தட்டாதீர்கள், மடிப்பு கிழியும். காற்று அடிப்பதென்றால் உள்ளிருந்து வெளியே, குறைந்த பிரஷரில், நாஸிலைத் தள்ளிப் பிடித்து அடியுங்கள். கண்மாய்க்கரை ரோட்டிலேயே ஓடுகிற வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே புதிது போடுவது லாபம்.

காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறதா? பேட்டரியை மாற்றுவதற்கு முன் டீசல் லைனைப் பாருங்கள். ராத்திரி எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிவிடுகிறது. ஃபில்டருக்கு முன்னாலும், ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவிலும் அரை அடி தெளிவான டீசல் ஹோஸ் மாட்டி ஓடவிட்டால் குமிழ் கண்ணுக்கே தெரியும். ஃபில்டரில் ஏறும் முன்பே குமிழ் வந்தால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், ஃபில்டருக்குப் பிறகு மட்டும் வந்தால் ஃபில்டர் தலையின் ஓ ரிங் அல்லது பாஞ்சோ போல்ட்டின் (டீசல் லைனை இணைக்கும் துளையுள்ள போல்ட்) வாஷர். செம்பு வாஷரைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும், பழையதை இன்னும் இறுக்கினால் போல்ட் உடையும். சோதனை முடிந்ததும் தெளிவான ஹோஸைக் கழற்றி ஒழுங்கான டீசல் ஹோஸ் போடுங்கள், தெளிவான ஹோஸ் சூட்டில் விறைத்துப்போகும். பிறகு ஃபில்டர் மேலுள்ள கைப் பம்பைக் கெட்டியாகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாட்டர் செபரேட்டரின் அடித் திருகையும் அவ்வப்போது திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பம்ப் என்றதும் இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 'பிக்கப் கூட்டித் தர்றேன்' என்று பம்பின் சீல் கம்பியை வெட்டி ஸ்குரூவைத் திருகுவார்கள். இரண்டு நாள் வண்டி பறப்பதுபோலத் தெரியும். காற்று அதே அளவு, டீசல் மட்டும் கூடுதல். கரும்புகை, எக்ஸாஸ்ட் சூடு, முடிவில் பிஸ்டன் உருகல். இழுவை குறைந்திருந்தால் காரணம் அடைத்த ஃபில்டர், கசியும் டர்போ ஹோஸ், தேய்ந்த இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். பம்ப் கடைசி.

மாற்றங்களில் நூறு சதவீதம் பரிந்துரைக்கக்கூடியது ஹெட்லைட் ரிலே ஒயரிங். ரிலே என்பது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். பழைய வண்டியில் கரண்ட் நேராக ஸ்டியரிங் சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஹெட்லைட்டைப் போட்டு பல்பின் பின்னிலேயே அளந்து பாருங்கள், 12க்குக் கீழே காட்டும் வண்டிகள் உண்டு. ஹாலஜனில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். இதற்கு 100/90 வாட் பல்ப் போட்டால் அதே மெல்லிய ஒயரில் இன்னும் அதிகக் கரண்ட் ஓடி, சாக்கெட் உருகும், ரிஃப்ளெக்டர் பொசுங்கும், எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

தேவையானவை: 12 வோல்ட் 30 ஆம்பியர் நாலு பின் ரிலே இரண்டு (லோ ஒன்று, ஹை ஒன்று), பேட்டரியிலிருந்து ரிலேக்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், ரிலேயிலிருந்து பல்புக்கு 2.5, எச்4 செராமிக் சாக்கெட் இரண்டு, 20 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டருடன் இரண்டு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் நடுவில் ஒயர் உரசும்போது காப்பாற்ற எதுவும் இல்லை. ரிலேயில் எண் பொறித்த பின்களில் 30க்கு பேட்டரி, 87க்கு பல்ப், 86க்கு பழைய ஹெட்லைட் ஒயர், 85க்கு எர்த். பழைய சாக்கெட்டின் எர்த் எது என்பதை மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். சுவிட்ச் நெகட்டிவ் பக்கம் இருந்தால் 85, 86 இணைப்பு மாறும். பல்பின் எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய சேஸில் தனியாகக் கொடுங்கள். பல்ப் பழைய 60/55 வாட்டே போதும். மணமேல்குடிப் பக்கம் ராத்திரி ஆடு மாடு படுத்திருக்கும் ரோட்டில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதே கையோடு இன்ஜினுக்கும் சேஸுக்கும் போகும் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

ஸ்பீட் பிரேக்கரில் பின்னால் 'டக்' என்றால் முதல் சந்தேகம், பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ். வண்டி தரையில் நிற்கும்போதே ஷேக்கிளுக்கும் சேஸுக்கும் நடுவே கடப்பாறையை நுழைத்து நெம்பினால் ஆட்டம் தெரிந்துவிடும். சேஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலைத் தனி ஜாக்கியில் தாங்கி, பட்டையின் பளு இறங்கிய நிலையில் ஷேக்கிள் பின்னைக் கழற்றுங்கள். ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். நட்டைக் கையளவு மட்டும் பிடித்து, வண்டியை இறக்கி, நாலு சக்கரமும் தரையில் பளுவோடு நிற்கும்போதுதான் முழுசாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே பூட்டிக்கொண்டு சில மாதத்தில் கிழிந்துவிடும். புது புஷ் சீக்கிரம் போவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

வண்டி நேராகப் போகும்போது பின்பக்கம் ஒருபக்கமாக வருவதுபோல் தெரிந்தால், பட்டைகளைக் கோர்த்து ஆக்ஸிலை இடத்தில் பிடிக்கும் சென்டர் போல்ட்டைப் பாருங்கள். முன் ஹேங்கர் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் வரை இருபக்கமும் டேப்பால் அளங்கள். வித்தியாசம் தெரிந்தால் போல்ட் முறிந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது. அதை மாற்றியதும், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைக் குறுக்காக மாறி மாறி இறுக்கி, 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்குங்கள். பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் தடவும் பழக்கம் இந்த மண்ணுக்கு ஒத்துவராது, தூசி ஒட்டி அரத்தூளாக மாறும். நீள ஷேக்கிள் போட்டு வண்டியைத் தூக்கினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, அதன் மூட்டான கிராஸ் சீக்கிரம் போகும்.

பிரேக்கில் சுருக்கமாக: ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், பிளீடிங் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது) பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்கி பின்பக்க வலது, முன்பக்க இடது, முன்பக்க வலது. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடையுங்கள். இன்ஜின் ஆஃபில் பெடலை நாலு முறை மிதித்துக் கெட்டியானதும் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வேக்கம் பம்ப், ஹோஸ், பூஸ்டர் மூன்றில் ஒன்று.

துருவுக்கு வருவோம். 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகம் நம்ம காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிப்பு அங்கே முக்கியமான ஆய்வுத் துறை. இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால்தான் துரு என்பது அடிப்படை. செம்மண் சேஸ் சட்டத்துக்குள்ளும் வீல் ஆர்ச் மடிப்பிலும் புகுந்து, மழைக்குப் பிறகும் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த மண்ணை வெளியே எடுக்காமல், துரு மேலேயே கறுப்பு அண்டர்கோட்டிங் அடிப்பது, முற்றத்துத் தண்ணீர்ப் போக்கியை அடைத்துவிட்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுகிற மாதிரி. கோட்டிங்குக்கு அடியில் ஓட்டை விழுவது வெளியே தெரியவே தெரியாது.

கதவு அடியிலும் சேஸிலும் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஹோஸைவிட்டு அலசுங்கள். இரண்டு நாள் வெயிலில் காயட்டும். உதிரும் துருவை ஒயர் பிரஷ்ஷால் எடுத்து, ஒட்டியிருக்கும் மிச்சத்துக்கு ரஸ்ட் கன்வர்ட்டர், காய்ந்ததும் எப்பாக்சி ப்ரைமர் இரண்டு கோட், அதன் மேல் பெயின்ட். சேஸின் உள்பக்கத்துக்குக் கேவிட்டி வாக்ஸை நீளக் குழாயால் பீச்சுங்கள், துளைகளை அடைக்காமல். முன் கண்ணாடி ரப்பரின் கீழ் விளிம்பு, பேட்டரித் தட்டு, கார்பெட்டுக்கு அடியில் பாடி மவுன்ட் போல்ட் சுற்றிய இடம் மூன்றையும் விடாமல் பாருங்கள். தொண்டிக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் மறுநாளே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

டயரில் கம்பெனி அளவான 215/75 ஆர்15ஐத் தாண்டாதீர்கள். இங்கே டயருக்கு எதிரி சீமைக்கருவேல முள். அது உள்ளே ஒடிந்து நின்று, காற்று மெல்ல மெல்ல இறங்கும். டிரெட்டில் என்றால் பஞ்சர் போடலாம், பக்கவாட்டில் குத்தியிருந்தால் டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வெளியே கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள் செய்யும் முன் சட்டத்தையும் பாருங்கள். முன்பக்க கிராஷ் கார்டுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்தது. 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸுக்குக் கொண்டுபோகும்போது கார்டு, கலர் லைட், சத்தமான சைலன்சர் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது, 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக ஏறியது. பசுமை வரி தனி. போவதற்கு முந்தைய வாரமே ஹேண்ட் பிரேக், ஹார்ன், இண்டிகேட்டர், வைப்பர், புகை எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டால், அங்கே போய்த் திரும்பி வரும் டீசல் மிச்சம்.