பந்தானியின் எழுச்சியும் ஃப்ரூமின் இருக்கையும்: மலைப்பாதையில் இரண்டு பாணிகள்

மேட்டில் சீட்டை விட்டு எழுந்து, சைக்கிளை இப்படியும் அப்படியும் ஆட்டி மிதிப்பவர்தான் அசல் மலையேறி என்ற எண்ணம் சாலைப் பந்தய ரசிகர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. மார்க்கோ பந்தானியையும் அல்பெர்ட்டோ கான்டடோரையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த எண்ணம் அது. எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் மிகேல் இந்துரைனும் கிறிஸ் ஃப்ரூமும். சீட்டில் உட்கார்ந்த இடம் மாறாமல் மிதித்தே பெரிய பெரிய மலைகளைக் கடந்தவர்கள். எது அழகு என்பது அவரவர் ரசனை. எது எங்கே பலிக்கும் என்பதற்கு மட்டும் கணக்கு உண்டு.

முதலில் அந்தக் கணக்கு. 66 கிலோ வீரர் ஒருவர், தண்ணீர், உடை எல்லாம் சேர்த்து 8 கிலோ சுமையுடன், 8 சதவீதச் சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறுகிறார் என்று வையுங்கள். அவர் சுமார் 380 வாட் கொடுக்க வேண்டும். அதில் 320 வாட் உடம்பையும் சைக்கிளையும் மேலே தூக்குவதற்கே போய்விடும். காற்றுக்கு 30 வாட் போல. மீதி டயருக்கும் செயினுக்கும். அதனால் இந்தச் சரிவில் எழுந்து நின்றால் காற்றில் பெரிதாக நஷ்டமில்லை. அதே மலை 5 சதவீதமாகத் தணிந்து வேகம் 28 கி.மீ.க்குப் போனால், காற்றுக்குக் கொடுக்கும் வாட் இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். அங்கே நெஞ்சை நிமிர்த்தி நிற்பது சுத்த வீண்.

எழுந்து நிற்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் பாரத்தைச் சீட் தாங்குகிறது. நின்றால் கையும் தோளும் முதுகும் தாங்க வேண்டும், அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு கூடுவது இதனால்தான். 80 கிலோ எடையும் 1.88 மீட்டர் உயரமும் கொண்ட இந்துரைன் நிற்பதற்கும், 57 கிலோ பந்தானி நிற்பதற்கும் செலவு ஒன்றல்ல. இந்துரைன் 1991 முதல் 1995 வரை ஐந்து டூர் து பிரான்ஸ் பந்தயங்களை வென்றது, தன் எடைக்கு ஏற்ற வழி சீட்டில் அமர்ந்து சீராக மிதிப்பது என்பதை விடாமல் பிடித்துக்கொண்டதால். மற்றவர்கள் பாய்ந்து ஓடும்போது பதில் பாய்ச்சல் பாயமாட்டார். தன் வேகத்திலேயே போய், கொஞ்ச நேரத்தில் அவர்களைப் பிடித்துவிடுவார்.

பந்தானியின் பாணியில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது கைகள். பெரும்பாலானவர்கள் நிற்கும்போது பிரேக் லீவரின் மேல்பகுதியைப் பிடிப்பார்கள். அவரோ ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்து, தாழக் குனிந்தபடியே நின்று மிதிப்பார். எடை முன்னால் வருகிறது, மிதியை அழுத்தும் கால் செங்குத்தாக இறங்குகிறது, முதுகும் தாழ்ந்தே இருக்கிறது. 1998 டூரில் ஆல்ப்ஸின் கலிபியே மலையில் மழைக்கு நடுவே அவர் பிய்த்துக்கொண்டு போனது அப்படித்தான். அன்றைக்கு லே து ஆல்ப் முடிவில் யான் உல்ரிச் இழந்தது 9 நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. உல்ரிச்சும் உட்கார்ந்து ஏறுபவர்தான், ஆனால் கனமான கியரை மெதுவாக மிதிப்பவர். அப்படி மிதிப்பவரால் திடீரென வேகத்தை மாற்ற முடியாது. இருவருடைய 1998 சிறுநீர் மாதிரிகளிலும் இபிஓ என்ற ஊக்கமருந்து இருந்ததை 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. அதனால் அந்தக் கால நேரங்களை இன்றைய நேரங்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. உடல் அசைவை ஒப்பிடலாம்.

அந்தத் தலைமுறை அடிக்கடி எழுந்து நின்றதற்கு ஆசை மட்டும் காரணமல்ல, கியரும் காரணம். முன்னால் 39 பல், பின்னால் 23 பல் என்பது அன்று சாதாரண மலைக் கியர். 12 சதவீத மேட்டில் மணிக்கு 14 கி.மீ. போனால் அந்தக் கியரில் நிமிடத்துக்கு 65 சுற்றுதான் வரும். உட்கார்ந்தே அதை அழுத்தினால் தொடை கடுத்துவிடும், எழுந்தே ஆக வேண்டும். இப்போது முன்னால் 40, பின்னால் 30 போட்டால் அதே வேகத்தில் 83 சுற்று. 34 போட்டால் 94. பின்பல் பெரிதானதுதான் இன்றைய வீரர்களைச் சீட்டிலேயே உட்கார வைத்தது.

அதன் உச்சம் 2013 ஜூலை 14, டூரின் மோன் வாந்தூ மலை ஏற்றம். முடிவுக்கு ஏறத்தாழ 7 கி.மீ. இருக்கும்போது ஃப்ரூம் எழவே இல்லை. கால் மட்டும் சட்டென்று சுழன்றது, பின்னால் இருந்த கான்டடோர் அறுந்துபோனார். முன்னே போயிருந்த நைரோ கின்டானாவையும் பிடித்து, கடைசியில் அவரை 29 விநாடி பின்தள்ளினார். முழங்கை விரிந்து, தலை கவிழ்ந்து, பார்க்க லட்சணமான காட்சியல்ல. ஆனால் கியரை இலகுவாக வைத்துச் சுற்றைக் கூட்டினால், ஒவ்வொரு மிதிக்கும் தேவையான அழுத்தம் குறைகிறது, பாரம் தசையிலிருந்து மூச்சுக்கு மாறுகிறது. நுரையீரல் வலுவானவருக்கு அது லாபமான பேரம்.

நின்றாரா உட்கார்ந்தாரா என்பதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வாட் எல்லை ஒன்று உண்டு. அதற்கு மேலே செலவழிக்கக் கையிருப்பு சுமார் 20 கிலோஜூல்தான் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லைக்கு மேல் 150 வாட் கூட்டி 20 விநாடி பாய்ந்தால் 3 கிலோஜூல் காலி. இடையில் எல்லைக்குக் கீழே இறங்கி இளைப்பாறாவிட்டால், ஆறு ஏழு பாய்ச்சலில் கஜானா துடைத்துப் போய்விடும். உயரம் 2,000 மீட்டரைத் தாண்டினால் எல்லையே கீழே இறங்கிவிடுவதால், கீழே சமாளித்த வேகம் மேலே கடனாக மாறும். 2022 டூரில் டாடே பொகாச்சருக்கு நடந்தது இது. கலிபியேவில் ஒரே அணியின் பிரிமோஷ் ரோக்லிச்சும் யோனாஸ் விங்ககோரும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். பொகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். அடுத்து 2,413 மீட்டர் உயரத்துக்குப் போகும் கோல் து கிரனோன்: 11.3 கி.மீ., சராசரி 9.2 சதவீதம். அங்கே விங்ககோர் ஒரே ஒருமுறை புறப்பட்டார். பொகாச்சர் இழந்தது 2 நிமிடம் 51 விநாடி. இந்துரைனாக இருந்திருந்தால் கலிபியேவில் பேசாமல் விட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொகாச்சர் பின்னாளில் மாறியதும் அந்தத் திசையில்தான். மிதியைத் தாங்கும் கிராங்கின் நீளத்தை 172.5 மி.மீ.யிலிருந்து 165க்குக் குறைத்தார். குட்டைக் கிராங்கில் மிதி மேலே வரும்போது இடுப்பு குறைவாக மடங்குவதால், குனிந்து உட்கார்ந்தபடியே வேகமாகச் சுழற்ற முடிகிறது. பல தாக்குதல்களை இப்போது சீட்டிலிருந்தே தொடுக்கிறார். 2024 டூரில் பிளாட்டோ து பேய் ஏற்றத்தில் முதலில் தாக்கியவர் விங்ககோர். பொகாச்சர் பின்சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு போய், கடைசி 5 கி.மீ. சுமாருக்குத்தான் தன் கையிருப்பைத் திறந்தார். வித்தியாசம் 1 நிமிடம் 8 விநாடி.

அதற்காக நிற்பதை ஒதுக்கிவிட முடியாது. கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பில் சரிவு திடீரென எகிறும்போதும், ஒரே இடத்தில் உட்கார்ந்து இடுப்பு மரத்துப்போகும்போதும் 15, 20 மிதிகள் நின்று மிதிப்பது மருந்து. ஆனால் முறை தெரிந்து நிற்க வேண்டும். எழுவதற்கு முன்பே பின்னால் ஒன்று அல்லது இரண்டு பல்வட்டு கனமான கியருக்கு மாற்ற வேண்டும். இலகுவான கியரிலேயே எழுந்தால் கால் காற்றில் மிதித்த மாதிரி வழுக்கி, வேகம் செத்துவிடும். ஒரு கால் மேலே வந்து அழுத்தத் தொடங்கும் கணத்தில் எழ வேண்டும். அழுத்தம் நின்றுபோன நேரத்தில் எழுந்தால் சைக்கிள் உடம்புக்குப் பின்னால் தங்கும், பின்னால் வருபவரின் முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்தில் உரசும். குழுவாக ஏறும்போது விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆட வேண்டியது சைக்கிள், தோள் அல்ல. உட்காரும்போது கியரைத் திரும்ப இலகுவாக்க மறந்தால், அடுத்த நூறு மீட்டரில் தொடை சொல்லிவிடும்.

நனைந்த சாலையில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 15 சதவீதத்துக்கு மேல் எடையை அதிகமாக முன்னே தள்ளி நின்றால் பின்சக்கரம் பிடியிழந்து வழுக்கும்; இடுப்பைச் சீட்டின் மூக்குக்குச் சற்று முன்னால் மட்டுமே வைக்க வேண்டும்.

8, 10 சதவீதத்தில் முக்கால் மணி நேரம் இழுக்கும் ஏற்றத்துக்கு என் வாக்கு சீட்டில் உட்கார்ந்து சீராக ஏறுபவருக்கே. 65 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு வேறு வழியும் இல்லை. பெல்ஜியத்தின் ஊயி சுவர் மாதிரி 1.3 கி.மீ.யில் முடிந்து, நடுவே 20 சதவீதத்தைத் தாண்டும் மேடு வந்தால் பேச்சே வேறு. அங்கே சேர்த்து வைத்த கையிருப்புக்கு அடுத்த கிலோமீட்டர் என்று ஒன்று இல்லை, எழுந்து நின்று மொத்தத்தையும் கொட்டிவிடலாம்.